பயிற்சி மாணாக்கரும் அருநூற் பயிற்சியும்

(நம் சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இம்மண்டபத்திலே உதவிநிதி பற்றியும், மாணவர் விடுதி பற்றியும், மணமக்கள் பதிவேடு பற்றியும் பல கூட்டங்கள் நிகழ்ந்துள்ளன. ஒரு நூலை எங்ஙனம் படிப்பது என்பது பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒதுக்கப்பெற்றது இதுவே முதன்முறை என்று செயலாளர் அவர்கள் கூறக் கேட்டு மகிழ்ந்தோம். நிதி திரட்டுவதைக் காட்டிலும் இஃது எளிய பொருளன்று என்பதைப் பேச்சின் முடிவில் அவர்களும் ஒப்புவர் என்று நம்புகின்றோம்.

யாம் தமிழாசிரியர். இலக்கண நூல்களையும் அவற்றின் உரைகளையும் புலவர் வகுப்பிற் கற்றுப் பின்னர்ப் பள்ளியிற் பணி ஏற்றோம். ஆதலின் கல்வியியல் என்னும் துறையில் வல்லுநர் என்று எம்மைக் கூறிக்கொள்ளோம். ஆனால், ஆண்டுதோறும் எம் பள்ளிக்குக் கற்பித்தற் பயிற்சியின் பொருட்டு வரும் மாணாக்கரோடு பழகும் வாய்ப்பு எமக்கு உண்டு. அவர்கள் கையில் வைத்திருக்கும் ஏடுகளைப் பார்த்துள்ளோம். ஓய்வு நேரத்தில் அவர்கள் உருப்போடுவதைக் கேட்டுமுள்ளோம். அதனால் எழுந்த கவலையே இப்பேச்சிற்குக் காரணம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 ஆம் ஆண்டிற் புதிய விதிகளை வகுத்தது. அதுகாறும் ஓராண்டுப் படிப்பாயிருந்த பி.எட்., 2015-16 ஆம் கல்வியாண்டு தொடங்கி ஈராண்டுப் படிப்பாயிற்று. அதற்கென வகுத்த பாடத்திட்டச் சட்டகத்தில், நூல்களைப் படித்தலும் அவற்றின்மேற் சிந்தித்தலும் என்று ஒரு தனிப்பயிற்சியே சேர்க்கப்பெற்றது. கதை, வரலாறு, அரசின் கொள்கை ஆவணம், ஆய்வுக்கட்டுரை, கல்வியறிஞர் எழுதிய நூற்பகுதி எனப் பலவகை எழுத்துகளையும் மாணாக்கர் தாமே படித்தல் வேண்டும். தனியே படிப்பதோடு அமையாது சிறு சிறு குழுவாகக் கூடிப் பேசுதலும் வேண்டும். படித்தது பற்றித் தம் கருத்தை எழுதுதலும் வேண்டும் என்பது அதன் நோக்கம். இதனை எழுதியவர் எவராயினும் ஆசிரியத் தொழிலின் உள்ளீட்டை அறிந்தவர் என்போம்.

விதி நன்று; நடப்பதோ பலவிடத்தும் வேறு. தேர்விற்கு வரக்கூடிய வினாக்கள் இருபதையும் அவற்றின் விடைகளையும் அச்சிட்ட சுவடி ஒன்று கல்லூரிக்கு அருகிலுள்ள செராக்ஸ் கடையிற் கிடைக்கின்றது. மூலநூலைக் கண்ணாற் காணாமலே ஜான் டூயி கூறியது யாது, பியாஜே கூறியது யாது என்று ஐந்து வரியில் எழுதிவிடலாம். ஒருமுறை எம் பள்ளி வேப்பமர நிழலில் ஓர் இளைஞர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்தியைப் பத்து முறை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அணுகிக் கேட்டோம். பாவ்லோ பிரெய்ரே என்னும் பிரேசில் நாட்டுக் கல்வியறிஞரின் கொள்கை அது. ஆசிரியன் பணம் செலுத்துவோன் போலவும் மாணாக்கன் வெறும் பெட்டகம் போலவும் அமைந்து, செலுத்தியதைச் செலுத்தியபடியே திருப்பித் தரும் கல்வி கல்வியாகாது என்று 1970 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் அவர் கண்டித்தார். அக்கண்டனத்தையே நம் இளைஞர் பெட்டகமாக இருந்து வாங்கிக்கொண்டிருந்தார்! அவரை நகையாடுதற்கு இதனைக் கூறினோமல்லோம். தேர்வு அணுகிவிட்டது, நூலோ ஆங்கிலத்தில் உளது, வீட்டிற் கேட்டுத் தெளிதற்கு எவரும் இலர். அவர் வேறென் செய்வார்?

நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வோருட் பலர் தம் வீட்டில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவர். குறிப்பு வாங்கிப் படித்தவர் நாளை குறிப்புக் கொடுக்கும் ஆசிரியராவார் என்பதில் ஐயமில்லை. அவர் எதிரே நாற்பது குழந்தைகள் இருக்கும். அவையும் முதன்முறை படிக்க வந்த வீட்டுக் குழந்தைகளே. இன்னுமொன்று உண்டு. புதுவை அரசுப் பள்ளிகள் அண்மையாண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தினின்று மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. இனி ஆசிரியர் படிக்கவேண்டிய ஆவணங்களும் வழிகாட்டு ஏடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலே வந்து சேரும். அவற்றைத் தாமே படித்துப் பொருள்கொள்ள இயலாத ஆசிரியர், எவரோ சுருக்கிக் கூறுவதைக் கேட்டு நடக்கும் ஏவலராக ஆகிவிடுவர். ஆதலால் இது மதிப்பெண் பற்றிய பேச்சன்று.

ஓர் அருநூல் நமக்கு ஏன் விளங்குவதில்லை? சொல் தெரியாமை ஒரு காரணம். அதற்கு அகராதி உண்டு. வாக்கியம் நீண்டு பின்னிக் கிடத்தல் மற்றொன்று. அதனைப் பொறுமை தீர்க்கும். மூன்றாவது காரணமே பெரிது. நூலாசிரியன் எவரோடு வழக்கிடுகின்றான் என்பது நமக்குத் தெரிவதில்லை. கல்வியறிஞர் ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்த ஒருவரை மறுக்கவோ திருத்தவோ எழுதினவரே. எதிர்வழக்காடுவோனைக் காணாது ஒரு பக்கத்தாரின் பேச்சை மட்டும் கேட்போனுக்கு அது வெறும் சொற்குவியலாகவே தோன்றும். அகராதியும் பொறுமையும் இங்கே உதவா. எதிர்நின்று வினவுவார் ஒருவர் வேண்டும்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், மாணாக்கன் புலமை பெறுமாறு ஒரு கணக்காகவே கூறப்பெற்றுள்ளது. ஆசிரியன் உரைத்ததைச் செவ்வையாக உட்கொண்டாலும் அவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அதன் கருத்து. ஆசிரியனுக்குரிய பங்கினை ஓர் ஆசிரியரே காலாகக் குறைத்துக் கூறிய நேர்மையை எண்ணி யாம் பலகாலும் வியந்ததுண்டு. பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் சிலர்க்கு இக்கணக்கு உவப்பாயிராது. ஆயினும் கூடியிருந்து ஒரு நூலைப் பேசும்போது உடன் பயில்வார் தரும் காற்பங்கோடு, உரைத்தலால் வரும் அரைப்பங்கின் ஒரு பகுதியும் சேர்ந்தே கிடைக்கின்றது என்பதை அவர்கள் ஓர்தல் வேண்டும்.

உரைநூல்களின் அமைப்பைப் பாருங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் உரை செய்தார். சேனாவரையர் அதனை எடுத்துப் பலவிடத்தும் மறுத்தார். நச்சினார்க்கினியர் சிலவிடத்து முன்னவரோடும் சிலவிடத்துப் பின்னவரோடும் உடன்பட்டு, வேறு சிலவிடத்துத் தாம் ஒரு வழி கண்டார். அற்றேல் என்றும் எனின் என்றும் தடை எழுப்பி, அதற்கு விடை கூறிச் செல்வது உரையாசிரியர் வழக்கம். உரைக்குரிய உறுப்புகள் பதினான்கு என எண்ணிய நன்னூலார், வினாவையும் விடையையும் அவற்றுள் வைத்தார். புலவர் வகுப்பில் ஒரு நூற்பாவிற்கு இவ்வுரைகளையெல்லாம் ஒருங்கே விரித்து வைத்துக்கொண்டு படித்த காலத்தில், வெவ்வேறு நூற்றாண்டினர் ஒரு திண்ணையில் அமர்ந்து வழக்கிடுவதைக் கேட்பதுபோலவே எமக்கு இருந்தது. உரைநூல் என்பது ஒருகாலத்தில் நிகழ்ந்த கூட்டப் பேச்சு ஏட்டில் உறைந்து கிடப்பது. அதனை மீண்டும் வாய்ப்பேச்சாக்கினாலன்றி உயிர் வாராது.

மேனாட்டார் இதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். பாலின்சார், பிரௌன் என்னும் அறிஞர் இருவர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் கூட்டிப் படிக்கவல்லராயினும் பொருள் உணரமாட்டாத மாணாக்கரைச் சிறு குழுவாக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் ஆசிரியராக இருக்கச் செய்தனர். படித்த பகுதியைச் சுருக்கிக் கூறல், வினா எழுப்புதல், விளங்காததை விளக்கிக்கொள்ளல், அடுத்து வருவது யாதாகலாம் என்று கருதியுரைத்தல் என்னும் நான்கே அங்கு நிகழ்ந்தன. மாணாக்கரின் பொருளுணர்வு தெளிவாக வளர்ந்தது. இந்நான்கனுள் முதல் மூன்றும் நம் உரையாசிரியர்க்குப் பழக்கமானவையே. நான்காவதனையும் நூற்பா முறைவைப்பு ஆராய்வோர் ஒருவாறு செய்தே வந்தனர் என்று வாதிடலாம். அதனை இங்கு விரிக்கிற் பெருகும்.

உ. வே. சாமிநாதையர் வரலாற்றை இங்கு நினைத்தல் வேண்டும். 1880 ஆம் ஆண்டிற் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், பிரபந்தங்கள் பலவும் கற்றிருந்த ஐயரை நோக்கிச் சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்று வினவினார். அவ்வினாவால் ஐயர் அந்நூலை எடுத்தார். சொல்லும் கடிது, நச்சினார்க்கினியர் உரையும் கடிது, கதையின் உள்ளே ஓடும் சமண சமயக் கருத்துகளோ அவர் முன்பு கேட்டறியாதவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் என்னும் பெருமையெல்லாம் இருந்தும், அவர் முதலியாரோடு கூடியிருந்து நூலைப் படித்தார். அவ்வூர்ச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள் அந்நூலைப் படித்துப் பொருள் கேட்கும் முறையை அறிந்து தம் ஐயங்களை அவர்களிடம் வினவித் தெளிந்தார். 1887 இற் சிந்தாமணி அச்சேறிற்று. தம் சமயத்தார் மட்டும் கூடிய அவையில் அவர் அமர்ந்திருப்பின் அந்நூல் விளங்கியிராது. இவ்வொரு குறிப்பை உளத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீள்வோம்.

நம் புதுவையிலும் இத்தகைய கூட்டப் படிப்பு புதியதன்று. 1908 முதல் 1918 வரை இந்நகரில் உறைந்த பாரதியாரும், 1910 இல் இங்கு வந்த அரவிந்தரும் அடிக்கடி கூடிப் பேசினர். வேதப்பொருளை ஒருவர் திறக்க, ஆழ்வார் பாடலை மற்றவர் திறந்தார். அரவிந்தர் தமிழறிந்ததும் ஆழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் ஆக்கியதும் அவ்வுறவின் பயன். அவர்களுள் ஆசிரியர் யார், மாணாக்கர் யார்?

பின்னர் 1955 இல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இந்நகரில் தோன்றியது. அங்கே இலக்கணக் கடலாகிய தி. வே. கோபாலையரும் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவும் கூடி உழைத்ததன் பயனாகத் தேவாரப் பதிப்பின் முதற்பகுதி 1984 இல் வெளிவந்தது. கோபாலையர் தம் இறுதிக்காலத்தில், 2007 இல் மறையும்வரை, துய்மா வீதியிலுள்ள தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையத்திற் பணியாற்றினார். அம்மையத்தில் 2003 தொடங்கிப் பல ஆண்டுகள், ஏவா வில்டன் என்னும் செருமானியப் பேராசிரியை செந்தமிழ்க் கோடைக் கருத்தரங்கினை நடத்தினார். பல நாட்டு மாணாக்கரும் வந்து, சங்கச் செய்யுளைச் சொற்சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின்மேலும் நின்று நின்று படித்தனர். அவ்வீதியில் மிதிவண்டியிற் செல்லும் நம் பயிற்சி மாணாக்கர்க்கு அம்மதிலின் உள்ளே நடப்பது இன்னதென்று தெரிந்திருத்தல் அரிது. குறுந்தொகையின் நான்கடிக்கு அயல்நாட்டார் ஒரு காலைப்பொழுதைச் செலவிட, நாம் ஒரு நூல் முழுவதையும் ஒரு பக்கக் குறிப்பில் அடக்குகின்றோம்.

இனி, யாம் நேரிற் கண்ட ஒன்றினைச் சற்று விரித்துக் கூறுவோம். சென்ற ஆண்டு எம் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணாக்கர் அறுவர், மாலையில் வகுப்பு முடிந்தபின் ஓர் அறையிற் கூடிப் படிக்க எம் இசைவைக் கேட்டனர். யாமும் ஓரத்தில் அமர்ந்தோம். ஒருவர் வில்லியனூர், ஒருவர் காரைக்கால், ஒருவர் ஏனாமிலிருந்து வந்த தெலுங்கர், ஒரு நங்கை கடற்கரைக் குப்பத்தார், ஏனையிருவரும் நகரத்தார். எடுத்துக்கொண்டது வைகாட்ஸ்கி என்னும் உருசிய உளநூலறிஞரின் எழுத்திலிருந்து ஒன்றரைப் பக்கம். அவர் 1934 இல் மறைந்தவர். அண்மை வளர்ச்சி மண்டலம் என்று தமிழிற் பெயர்க்கப்பெறும் கருத்து அவருடையது. குழந்தை தானே செய்ய வல்லதற்கும் பிறர் துணையோடு செய்ய வல்லதற்கும் இடையிலுள்ள தொலைவு என்னும் இலக்கணத்தை அறுவரும் அறிந்திருந்தனர். ஒருவர் பிழையின்றி ஒப்பித்தார். இனிப் பேச என்ன உளது என்றே முதலில் எமக்கும் தோன்றியது.

மூலத்தில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. பத்து வயதுச் சிறுவர் இருவர். சோதித்ததில் இருவரும் எட்டு வயதிற்குரிய கணக்குகளையே தாமே செய்கின்றனர். பின்னர்ச் சிறிது துணை செய்தபோது ஒருவன் பன்னிரண்டு வயதிற்குரியதைச் செய்கின்றான். மற்றவன் ஒன்பது வயதிற்குரியதை மட்டுமே செய்கின்றான். இவ்விருவரும் உளவளர்ச்சியில் ஒருதன்மையரோ என்பது நூலாசிரியர் வினா. இதனைக் காரைக்கால் மாணாக்கர் உரக்கப் படித்தார். உடனே ஏனாம் மாணாக்கர், "துணை செய்தல் என்றால் விடையைச் சொல்லிவிடுதலோ? விடையைச் சொன்னால் இருவருமே பன்னிரண்டை எட்டிவிடுவரே!" என்றார். குறிப்புச் சுவடியில் இவ்வினா இல்லை. ஆதலின் விடையும் இல்லை. மூலத்திற்கு மீண்டனர். செய்து காட்டிப் பின் செய்யச் சொல்லுதல், கணக்கைத் தொடங்கிவைத்து முடிக்கச் சொல்லுதல், வழிகாட்டும் வினா எழுப்புதல் என்று துணையின் வகைகள் அங்கே கூறப்பெற்றிருந்தன. முதலிற் படித்தபோது அறுவருள் எவர் கண்ணிலும் அவ்வரி படவில்லை.

அப்போது, அதுகாறும் வாய் திறவாதிருந்த குப்பத்து நங்கை, "எங்கள் வீட்டில் வலையின் கிழிசலை முடியக் கற்பதும் இப்படித்தான். அப்பா முதல் இரண்டு கண்ணியைப் போட்டுவிட்டு என் தம்பியிடம் தள்ளிவிடுவார். அவன் தொடர்ந்து போடுவான். புதிதாகத் தொடங்கு என்றால் அவனுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தானே தொடங்கினான்," என்றார். நகரத்து மாணாக்கி ஒருவர், கோலத்திற்குத் தாய் புள்ளி வைத்துக் கொடுக்க மகள் இழை வளைப்பதனைக் கூறினார். வில்லியனூர் இளைஞர் விடவில்லை. "இவையெல்லாம் உதவி என்னும் ஒன்றையே காட்டுகின்றன. உதவினாற் செய்வான் என்பதைக் கூறுதற்கு ஒரு பேரறிஞர் வேண்டுமோ?" என்று தடை எழுப்பினார். சேனாவரையர் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். மீண்டும் மூலம். அறிஞர் அளக்க விரும்பியது உதவியையன்று. உதவியின் வாயிலாக வெளிப்படும் விளைவுநிலையை. காய்த்து முற்றியதை அன்றி, மலர்ந்து நிற்பதையும் எண்ணுக என்பது அவர் கட்சி. அக்காலத்துச் சோதனைகள் முற்றியதை மட்டுமே எண்ணின. அவரது வழக்கு அச்சோதனைகளோடு. இங்ஙனம் எதிராளி வெளிப்பட்டவுடன் பக்கம் முழுவதும் தெளிந்தது. துணைசெய்வோர் பெரியோராகவும் இருக்கலாம், தம்மினும் வல்ல தோழராகவும் இருக்கலாம் என்று அவ்விலக்கணத்திலேயே உளது என்பதனையும் அன்றே கண்டு நகைத்தனர். அவ்வரியைத்தான் ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்ந்து உருப்போட்டிருந்தனர்.

ஒன்றரைப் பக்கத்திற்கு இரண்டு மாலை சென்றது. அவ்வாரத்தில் அவர்கள் திருத்திய எட்டாம் வகுப்புத் தமிழ்த்தாளில், 25 இற்கு 12 பெற்ற சிறுவர் இருவர் இருந்தனர். மறுநாட் காலையில் வில்லியனூர் இளைஞர் அவ்விருவரையும் தனித்தனியே அழைத்து, பிழைபட்ட புணர்ச்சிகளைச் சுட்டாமல், வாய்விட்டுப் படிக்க மட்டும் சொன்னார். ஒருவன் படித்தவுடனே ஒற்று மிகவேண்டிய இடங்களில் ஆறனைத் தானே திருத்தினான். மற்றவனுக்கு ஒன்றும் ஒலிக்கவில்லை. மதிப்பெண் ஏட்டில் இருவரும் 12 தான். அவ்விளைஞர் எம்மிடம் வந்து, "ஐயா, இருவர்க்கும் ஒரே பாடத்தை நடத்தினால் ஒருவனுக்கு நான் அநீதி செய்தவனாவேன்," என்றார். ஐந்து மதிப்பெண் வினாவிற்கு எழுதும் விடையால் இவ்வுணர்வு பிறவாது.

இனிச் சில எச்சரிக்கைகள். கூடிப் பேசுவது யாவும் கூடிக் கற்பதாகாது. நூலைப் படியாமல் வந்தவர் ஒருவர் இருந்தாலும் பேச்சு நூலை விட்டு ஊருக்குப் போய்விடும். எவர் என்ன கூறினும், அஃது எவ்வரியில் உளது என்று கேட்கும் உரிமை ஏனையோர்க்கு இருத்தல் வேண்டும்; அவ்வினாவைச் சினமாகக் கொள்ளலாகாது. குழுவில் நால்வர்க்குக் குறைந்தால் தடை எழாது. அறுவர்க்கு மிகுந்தால் இருவர் உறங்குவர். தமிழிலேயே பேசுக, ஆங்கில வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்வது விளங்காமையை மறைக்கும் போர்வை. ஒரு பத்தியைத் தன் தாய்மொழியில் தன் பாட்டிக்குச் சொல்வதுபோற் சொல்ல இயலாதவர் அதனை அறிந்திலர் என்று கொள்க. விரிவுரையாளர் உடனிருப்பின் நன்று. ஆனால் அவர் முதலிற் பேசினால் பின்னர் எவரும் பேசார்.

வேலையைக் கூறிட்டுக்கொள்வது பற்றியும் ஒரு சொல். கட்டுரையை ஆறு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு படித்துவந்து சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளிற் பரவியுள்ளது. அதற்கு மூலமான முறையை எலியட் ஆரன்சன் என்பார் 1971 இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கினார். நிறவேற்றுமையாற் பிரிந்திருந்த குழந்தைகள் ஒரே பள்ளியிற் சேர்க்கப்பெற்றுப் பகைத்து நின்ற காலம் அது. ஒவ்வொரு குழந்தையிடமும் பாடத்தின் ஒரு துண்டு இருக்கும். பிறன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளாவிடில் தன் பாடம் நிரம்பாது. பகை தணிதற்கு அது நல்ல உபாயமே. வரலாற்றுச் செய்திகள் நிறைந்த பாடத்திற்கும் அது பொருந்தும். ஆனால், ஒரே வாதம் தலைமுதல் அடிவரை ஓடும் கட்டுரையை அங்ஙனம் துண்டாக்கினால், யானையைத் தடவிய குருடர் கதையாய் முடியும். அத்தகைய நூலை அறுவரும் முழுமையாகப் படித்தே வருதல் வேண்டும். சோம்பலுக்குக் குழுக்கற்றல் என்று பெயர் சூட்டல் தகாது.

பேசாதிருப்பவரைப் பற்றி மிகக் கவலைப்படவேண்டா. இறையனார் களவியலுரை வரலாற்றில், நாற்பத்தொன்பது புலவர் உரைத்த உரைகளுள் மெய்யுரையைத் தெரிந்து காட்டியவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன். ஆனால், பேச அஞ்சி இருப்பது வேறு. மேற்கூறிய குப்பத்து நங்கை முதல் மாலை முழுவதும் வாய் திறவாதிருந்தது அறியாமையாலன்று என்பது வலைக்கண்ணியைக் கூறியபோதே விளங்கிவிட்டது. நம் வீட்டுத் தொழிலை இவ்வவையிற் சொல்லலாமோ, நகைப்பரோ என்னும் தயக்கமே காரணம். அத்தயக்கத்தை நீக்குவது குழுவினர் கடமை.

இதிலிருந்தே யாம் இம்மண்டபத்திற் சொல்லவேண்டிய கடைசிச் செய்தி எழுகின்றது. நம் சங்கத்தார் சிலர், பயிற்சி மாணாக்கர்க்கு இங்கே ஒரு படிப்புக் கூடம் அமைக்க முன்வந்துள்ளனர். அதனை நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்றே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு பெரியவர் எம்மிடம் அன்போடு கூறினார். அவர் எண்ணம் தூயது. தம் மக்கள் முன்னேறவேண்டும் என்னும் ஆர்வம் அது. ஆயினும் யாம் அதற்கு உடன்படோம். உதவிநிதியை நம்மவர்க்கென்று வரையறுக்கலாம். படிப்பு வட்டத்தை வரையறுத்தாற் படிப்பே கெடும். ஒரே வகை வீட்டில் வளர்ந்த அறுவர் ஒரு நூலைப் படித்தால், அறுவரும் ஒரே இடத்தில் தலையசைப்பர். ஒரே வரியைக் காணாது கடப்பர். வலை முடிவாரும், தெலுங்கு பேசுவாரும், நம் தெருவிற்கு வந்திராதவரும் உடனிருந்தாலன்றித் தடை எழாது. தடை எழாவிடிற் பொருள் வாராது. சாமிநாதையர் சைனர் வீட்டுப் படி ஏறியது இதன்பொருட்டே. மேலும், நம் பிள்ளைகள் நாளை கற்பிக்கப் போகும் வகுப்பில் எல்லாச் சமூகத்துக் குழந்தைகளும் ஒரே பலகையில் இருப்பர். அவர்கள் வீட்டு மொழியையும் தொழிலையும் கேட்டறியாத செவியோடு அவ்வகுப்பினுள் எங்ஙனம் நுழைவது?

இதனைச் செயற்குழுவினரிடம் முன்னரே தெரிவித்தோம். நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. அதுவே ஒரு நல்ல படிப்பு வட்டம் போலிருந்தது. முடிவில், மண்டபத்தின் மேலறை வியாழன்தோறும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை எந்தக் கல்லூரியின், எந்தச் சமூகத்தின் பயிற்சி மாணாக்கர்க்கும் திறந்திருக்கும் என்று இசைந்தனர். விளக்கும் விசிறியும் சங்கத்தின் செலவு. இரண்டு வட்டங்களுக்கு இடமுண்டு; வட்டத்திற்கு அறுவர். ஓராண்டிற்கு நூற்பகுதிகள் ஐந்தே. அவற்றைப் படி எடுத்துத் தரும் பொறுப்பை யாம் ஏற்றுள்ளோம். முதல் வாரத்திற்கு ஜான் டூயியின் எழுத்திலிருந்து மூன்று பக்கம் கீழே மேசைமேல் வைக்கப்பெற்றுள்ளது. போகும்போது எடுத்துச் செல்க. வீட்டில் இருமுறை படித்து, விளங்காத வரியின்கீழ்க் கோடிட்டுக்கொண்டு வருக. கோடு ஒன்றுமில்லாத தாளோடு வருவோர், மாடிப்படியில் அமர்ந்து மற்றுமொருமுறை படித்துவிட்டு உள்ளே வரலாம்.